பத்தில் ஒன்று கேட்ட தளபதி

வணிகவரித் துறையில் சர்வீஸை முடித்தவன் வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் கண் முதலில் கஜானா பக்கம்தான் போகும். முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் என நாம் எல்லோரும் பள்ளியில் படித்தோம். சுங்கத்தைத் தவிர்த்துவிட்டுப் படைக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுத்தார் என்ற சந்தேகம் எனக்கு அப்போதே உண்டு. அது கிடக்கட்டும். இன்றைக்கு அவருக்கு நேர் எதிரான ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன். கத்தியால் சம்பாதித்த பெயரையெல்லாம் ஒரு விற்பனை வரியில் தொலைத்தவர் அவர். ஸ்பெயின் நாட்டின் மூன்றாம் ஆல்பா பிரபு, பெர்னாண்டோ அல்வாரெஸ் தே டொலேடோ.

ஐரோப்பாவில் இவரைப் பற்றி இரண்டு கட்சி. ஸ்பெயின்காரர்களுக்கு அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த தளபதி. நெதர்லாந்துக்காரர்களுக்கு ரத்தக்காட்டேரி. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள். நான் மூன்றாவது கட்சி. எனக்கு அவர், களநிலவரம் தெரியாமல் அசெஸ்மெண்ட் போட்ட ஒரு மேலதிகாரி.

பிறந்தது 1507ல். மூன்று வயது நிரம்பும் முன்பே அப்பா வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஜெர்பா தீவுச் சண்டையில் செத்துப்போனார். வளர்த்தது தாத்தா, இரண்டாம் ஆல்பா பிரபு. அப்பா இல்லாத பேரனை வளர்க்கும் தாத்தாக்கள் ஒன்று செல்லம் கொடுத்துக் கெடுப்பார்கள், இல்லாவிட்டால் முறுக்கிவிடுவார்கள். இவர் இரண்டாவது ரகம். பையன் பதினாறு வயதில் பிரெஞ்சு எல்லையில் ஃபுவென்தெர்ராபியா கோட்டை முற்றுகைக்குப் போய்விட்டான். தாத்தா இறந்தபின் 1531ல் பட்டம் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே துருக்கியரை எதிர்க்க வியன்னாவுக்கு, 1535ல் டூனிஸ் படையெடுப்புக்கு என்று ஓடிக்கொண்டே இருந்தார்.

அவருடைய எஜமானர் பேரரசர் ஐந்தாம் சார்லஸ். 1543ல் நாட்டை விட்டு வெளியே போகும்போது மகன் பிலிப்புக்கு ஒரு ரகசியக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆபீசில் வருஷாவருஷம் நம்மைப் பற்றி மேலதிகாரி எழுதி உறையிலிட்டு மேலே அனுப்புவாரே, அந்த ரகசியக் குறிப்பு மாதிரியே இருக்கிறது அது. அதில் ஆல்பாவைப் பற்றி சார்லஸ் சொன்னதன் சாரம் இது: போரிலும் வெளிநாட்டு விவகாரத்திலும் இவரை விட்டால் நமக்கு ஆள் இல்லை, நன்றாகப் பயன்படுத்திக்கொள், ஆனால் பணிவாக நடப்பதுபோல் தெரிந்தாலும் பதவி ஆசை அதிகம், நாட்டு நிர்வாகத்துக்குள் மட்டும் விட்டுவிடாதே. பிலிப் அப்போது பதினாறு வயதுகூட நிரம்பாத பையன். அப்பா எழுதியதில் முதல் பாதியை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருந்தார். இரண்டாவது பாதியைத்தான் 1567ல் மறந்துவிட்டார்.

தளபதியாக அவர் எப்படி என்பதற்கு ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். 1547 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரை. இந்தக் கரையில் பேரரசரும் ஆல்பாவும். எதிர்க்கரையில் மூல்பெர்க் ஊர், அங்கே சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் தலைவர் சாக்சனி இளவரசர் ஜான் ஃபிரெடரிக். பாலத்துக்காகக் கட்டி வைத்திருந்த படகுகளை எதிரி தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டான். ஆற்றில் நல்ல தண்ணீர், மேலே பனிமூட்டம். ஸ்பானிய வீரர்கள் சிலர் சட்டையைக் கழற்றிவிட்டு, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திப் போய்ப் படகுகளைப் பிடுங்கி வந்தார்கள். குதிரைப்படை இறங்கிக் கடக்கிற ஆழமில்லாத இடத்தை ஒரு விவசாயி காட்டிக்கொடுத்தார். அவருடைய குதிரைகளை சாக்சனிப் படைதான் பிடித்துக்கொண்டு போயிருந்ததாம். இளவரசர் காலை வழிபாட்டில் இருந்தார். ஆற்றை நம்பி உட்கார்ந்திருந்தவர் சாயங்காலம் கைதி. பாலாற்றை மணலாகவே பார்த்து வளர்ந்த எனக்கு, ஆறு ஒரு படையைத் தடுக்கும் என்பதே கொஞ்சம் கற்பனை பண்ண வேண்டிய விஷயம்தான்.

இந்த மாதிரி அதிரடி அவருடைய வழக்கம் இல்லை. மனிதர் சண்டையைத் தவிர்ப்பதில் கெட்டிக்காரர். எதிரியைச் சுற்றிச் சுற்றி வந்து, சாப்பாட்டை வெட்டி, அவன் கையில் காசு தீரும்வரை காத்திருப்பார். 1568ல் நெதர்லாந்துக் கலகக்காரர்களின் தலைவர் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் பெரிய கூலிப்படையோடு நெதர்லாந்துக்குள் நுழைந்தபோது இதையேதான் செய்தார். வில்லியம் சண்டைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், ஆல்பா வரவே இல்லை. சம்பளம் கொடுக்க வழியில்லாமல் வில்லியம் படையைக் கலைத்துவிட்டுப் போனார். காசில்லாத படை என்ன ஆகும் என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர், அந்தக் காசு சந்தையில் எப்படிப் புரள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவில்லை.

நடுவில் உள்ளவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1552ல் மெட்ஸ் நகர முற்றுகை, குளிரிலும் நோயிலும் படை அழிந்து தோல்வி. அப்புறம் இத்தாலியில் நேப்பிள்ஸ் ஆளுநர். அங்கே ஒரு கூத்து நடந்தது. போப் நான்காம் பால் ஸ்பெயினோடு மல்லுக்கு நின்றார். பரம பக்தரான ஆல்பா போப்பின் மேலேயே படையெடுக்க வேண்டிவந்தது. ரோமின் வாசல்வரை போனவர் ஊரைக் கொள்ளையடிக்க விடவில்லை. 1557ல் சமாதானம் ஆனதும் ஜெயித்த தளபதியே போய்த் தோற்ற போப்பின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். 1559ல் பிரான்சோடு உடன்படிக்கை. மன்னர் இரண்டாம் பிலிப்புக்குப் பதிலாக இவரே பாரிசில் மணமேடையில் நின்று பிரெஞ்சு இளவரசியை மன்னரின் சார்பில் மணந்தார். அந்தக் கல்யாணக் கொண்டாட்டத்து ஈட்டி விளையாட்டில்தான் பெண்ணின் அப்பா, பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி, கண்ணில் அடிபட்டுச் செத்தார்.

இதுவரை சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறையும் இல்லை. இனிமேல்தான் கதை.

நெதர்லாந்து அப்போது ஸ்பெயின் மன்னருடைய சொத்து. இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் இரண்டும் பெரும்பாலும் அதில் அடக்கம். பதினேழு மாகாணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. வரி போட வேண்டும் என்றால் சபை ஒத்துக்கொள்ள வேண்டும். 1566ல் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் சர்ச்சுகளுக்குள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். மாட்ரிட்டில் மன்னருக்குக் கோபம். அடக்கி வா என்று ஆல்பாவை அனுப்பினார். அறுபதை நெருங்கிய வயது, கால்களில் கீல்வாதம். இத்தாலியிலிருந்து சுமார் 10,000 பழுத்த வீரர்களோடு ஆல்ப்ஸ் மலை ஏறி இறங்கி, 1567 ஆகஸ்ட் 22ல் பிரஸ்ஸல்சுக்குள் நுழைந்தார். படையை இவ்வளவு தூரம் ஒழுங்காக நடத்திக் கொண்டுபோனதை இன்றும் ராணுவக்காரர்கள் வியந்து சொல்வார்கள். அவர் போய்ச் சேருவதற்கு முன்பே கலகம் அடங்கிவிட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. அங்கே ஆளுநராக இருந்த மன்னரின் அக்கா மார்கரெட், நான்தான் அடக்கிவிட்டேனே, இந்தப் படை எதற்கு என்று கேட்டார். யாரும் காது கொடுக்கவில்லை. வருஷ முடிவில் அந்த அம்மா பதவியை விட்டுப் போய்விட்டார்.

வந்த வேகத்தில் ஒரு தனி நீதிமன்றம் வைத்தார். பெயர் கலகங்களின் மன்றம். ஊர் ஜனங்கள் வைத்த பெயர் ரத்த மன்றம். சுமார் 9,000 பேருக்குத் தண்டனை, ஆயிரத்துக்கும் மேல் மரண தண்டனை நிறைவேறியது. எக்மாண்ட் பிரபுவின் கதைதான் மனசை அறுப்பது. பிரான்சுக்கு எதிராக மன்னர் பிலிப்புக்கு இரண்டு பெரிய வெற்றிகளைத் தேடிக் கொடுத்தவர் அவர். ஆலோசனைக்கு என்று வரவழைத்து 1567 செப்டம்பரில் கைது செய்தார்கள். 1568 ஜூன் 5 அன்று பிரஸ்ஸல்ஸ் நடுச்சதுக்கத்தில் ஹோர்ன் பிரபுவோடு சேர்த்துத் தலையை வெட்டினார்கள். மன்னருக்கு விசுவாசமானவருக்கே இந்தக் கதி என்றால் நம் கதி என்ன என்று நாடு முழுக்க யோசித்தது.

அதே சமயம் ஆண்ட்வெர்ப் நகரத்தில் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். பாச்சோட்டோ என்ற இத்தாலியப் பொறியாளர் போட்ட ஐங்கோண வரைபடம். எங்கள் வேலூர்க் கோட்டையும் ஏறக்குறைய அதே பத்தாண்டில் எழுந்ததுதான்; சின்ன பொம்மி நாயக்கர் காலம், தலைக்கோட்டைச் சண்டை முடிந்த கையோடு. காலையில் அகழி ஓரமாக நடக்கும்போது எனக்கு இந்த ஒற்றுமை அடிக்கடி ஞாபகம் வரும். ஆனால் வித்தியாசம் பெரியது. நம் கோட்டைக்கு அகழி சுற்றிலும், எதிரி வெளியில். ஆண்ட்வெர்ப் கோட்டை ஊரைக் காக்க எழுந்ததே இல்லை. ஊரையே மிரட்டத்தான் எழுந்தது, பீரங்கி வாய் வீடுகளையும் பார்த்தது. அதற்குச் செலவு செய்தது யார்? அதே ஊர்க்காரர்கள்.

அந்தக் கோட்டைக்குள் தனக்கே ஒரு வெண்கலச் சிலையும் வைத்துக்கொண்டார். 1568 ஜூலையில் ஜெம்மிங்கன் சண்டையில் எதிரியிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தது. காலடியில் கலகக்காரர்கள் மிதிபடுவதுபோல. உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தானே சிலையா என்று மாட்ரிட்டிலேயே முகம் சுளித்தார்கள். நம் ஊரில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. சரி, விடுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். எனக்கு வேண்டியது இந்தப் பகுதிதான்.

படையை வைத்திருப்பது செலவு. மாட்ரிட்டிலிருந்து பணம் வருவது குறைந்தது. மன்னருக்கு மத்தியதரைக் கடலில் துருக்கியர் தொல்லை, உள்நாட்டில் கிரனாடா கலகம். 1568 கடைசியில் ஆல்பாவின் படைக்குச் சம்பளப் பணம் ஏற்றிவந்த கப்பல்கள் இங்கிலாந்துத் துறைமுகங்களில் ஒதுங்க, எலிசபெத் ராணி அந்தப் பணத்தை அமுக்கிக்கொண்டார். பதிலுக்கு இவர் இங்கிலாந்து வியாபாரத்தை நிறுத்த, நஷ்டம் ஆண்ட்வெர்ப் வணிகர்களுக்கு. ஆக, நெதர்லாந்தின் செலவை நெதர்லாந்தே கொடுக்க வேண்டும் என்று முடிவானது.

1569 மார்ச்சில் சபைகளைக் கூட்டி மூன்று வரிகளை முன்வைத்தார். சொத்து மதிப்பில் நூற்றில் ஒன்று, ஒரே ஒரு முறை. நிலம், வீடு விற்றால் இருபதில் ஒன்று. மற்ற எந்தப் பொருளை விற்றாலும் பத்தில் ஒன்று, ஒவ்வொரு விற்பனைக்கும், நிரந்தரமாக. முதல் வரிக்குச் சபைகள் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டன, நல்ல தொகையும் வசூலானது. மூன்றாவதைக் கேட்டதும்தான் எல்லோருக்கும் பேதி.

எனக்கு வாணியம்பாடியில் முதல் போஸ்டிங். சேர்ந்த புதிதில் ஒரு தோல் மண்டியில் கணக்குப் பார்க்கப் போனேன். உப்புப் போட்டு அடுக்கின ஆட்டுத்தோல், தரையெல்லாம் ஈரம், அந்த நெடி கையிலிருந்த கோப்பில் ஏறி ஆபீஸ் அலமாரியில் மழைக்காலம் முழுக்க இருந்தது. என் சீனியர் அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். கசாப்புக் கடைக்காரர் தோல் சேகரிக்கிறவருக்கு விற்கிறார். அவர் மண்டிக்கு. மண்டி டேனரிக்கு. டேனரி பதனிட்டு ஃபினிஷிங் பண்ணுகிறவருக்கு. அவர் ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கிறவருக்கு. ஐந்து கை மாறுகிறது. "இதுக்கு எல்லாக் கையிலயும் வரி போட்டா என்ன ஆகும்னு சொல்லு" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்த் தோல். நடுவில் யாரும் ஒரு பைசா லாபம் வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விற்பனைக்கும் பத்து சதவீதம் என்றால் 110, 121, 133.10, 146.41, கடைசியில் 161.05. பத்து சதவீதம் என்று சொன்ன வரி அறுபத்தொரு சதவீதமாக வந்து நிற்கிறது. வரிக்கு மேல் வரி ஏறுவதால் வந்த வினை. ஐந்து வேலையையும் ஒரே கூரையின் கீழ் செய்கிற பெரிய முதலாளிக்கோ ஒரே ஒரு பத்து. சின்னச் சின்னக் கைகளில் நடக்கிற தொழில் அத்தனையும் செத்துப்போகும். அதனால்தான் அன்றைய நம் மாநிலச் சட்டத்தில் தோலுக்கு ஒருமுனை வரி இருந்தது, ஏதாவது ஒரு கட்டத்தில் மட்டும். அதிலும் உள்ளூர்த் தோல், வெளிமாநிலத் தோல் என்று பேதம் பார்த்த விதி ஒன்றை அறுபதுகளின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது. அந்தத் தீர்ப்பு எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். பிற்பாடு வாட் வந்தபோது முன்னால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி செய்தார்கள். இன்றைய ஜிஎஸ்டியும் அந்த வழியில்தான் ஓடுகிறது.

இப்போது ஆண்ட்வெர்ப்பை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவின் பெரிய சந்தை அது. ஆட்டு மயிர் ஒருவர், நூல் ஒருவர், நெசவு ஒருவர், சாயம் ஒருவர், மொத்த வியாபாரி ஒருவர் என்று துணி பல கை மாறித்தான் உருவாகிறது. அங்கே வந்து இறங்குகிற சரக்கு அங்கேயே நாலு முறை விலை பேசப்பட்டுக் கைமாறி அடுத்த ஊருக்குப் போகிறது. இந்த ஊரில் ஒவ்வொரு விற்பனைக்கும் பத்தில் ஒன்று!

இதை எங்கிருந்து பிடித்தார் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். அவருடைய சொந்த ஊரான காஸ்டில் பகுதியில் அல்கபாலா என்று ஒரு பழைய விற்பனை வரி உண்டு. ஏட்டில் பத்து சதவீதம். நடைமுறையில் ஒவ்வொரு ஊரும் மொத்தமாக ஒரு தொகை பேசிக் கட்டிவிடும், தனித்தனி விற்பனைக்கு யாரும் பத்து கொடுப்பதில்லை. அங்கே இருக்கிறதே, இங்கே ஏன் முடியாது என்று கேட்டிருக்கிறார் போல. ஏட்டில் உள்ளதை எடுத்துக்கொண்டு நடைமுறையை அங்கேயே விட்டுவிட்டு வந்த அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

நம் சென்னை மாகாணத்தில் 1939ல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரி கொண்டுவந்த கதையை இதோடு வைத்துப் பார்க்கலாம். மதுவிலக்கால் கலால் வருமானம் போகிறது, அதை ஈடுகட்ட வேண்டும். அந்த ஆண்டுதான் எங்கள் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் மதுவிலக்கு வந்தது. அதுவும் பன்முனை வரிதான், ஒவ்வொரு கையிலும்தான். ஆனால் விகிதம் அரை சதவீதம். ஐந்து கை மாறினாலும் இரண்டரைதான் ஆகும். வியாபாரிகள் அப்போதும் கூச்சல் போட்டார்கள்; ஆனாலும் கட்டினார்கள். ராஜாஜிக்கு எத்தனையோ விஷயத்தில் குறை சொல்வேன், இதில் சொல்ல மாட்டேன்.

கோட்டைப் பூங்காவில் என்னோடு நடக்கும் பேரணாம்பட்டுக்கார பாய் ஒருவர் இருக்கிறார். தலைமுறையாகத் தோல் வியாபாரம், இப்போது பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நடையை நிறுத்திவிட்டார்.

"ஒவ்வொரு கை மாறும்போதுமா சார்?"

"ஒவ்வொரு கைக்கும் பாய்."

"யாரு எழுதுவாங்க அத்தனை பில்லு? அந்தக் காலத்துல பில்லுன்னு ஒண்ணு இருந்துச்சா?"

"அதுக்குத்தான் ஊர் ஊரா ஆளைப் போட்டு கணக்கெடுக்கணும்னார்."

"அவ்வளவுதான். ரெண்டு நோட்டு வச்சிருப்பாங்க. இல்லேன்னா கடையைப் பூட்டிட்டு வீட்டுல படுத்திருப்பாங்க. பத்து பர்சன்ட் லாபம் எவனுக்கு சார் நிக்குது மண்டில?"

நானூறு ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பிரச்சினையை இந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே அவிழ்த்துவிட்டார். பத்து சதவீதம் என்பது பல மொத்த வியாபாரிகளின் லாபத்தைவிட அதிகம். ஆல்பாவைச் சுற்றி இருந்தவர்களில் சிலரும் இதையே சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. மறுக்கிறவன் எல்லாம் கலகக்காரன் என்ற எண்ணம் ஏற்கெனவே மனதில் குடியேறிவிட்டது.

சபைகள் பேரம் பேசின. அந்த ஊர் நாணயத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் கில்டர் வீதம் இரண்டு ஆண்டுக்குத் தருகிறோம், இந்த வரியை நிறுத்தி வையுங்கள் என்றன. நல்ல பணம். என்னைக் கேட்டால் அதையே நீட்டித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். காஸ்டிலில் நடப்பதும் அந்த மொத்தத் தொகை முறைதானே. 1571ல் கெடு முடிந்தது. சபைகளிடம் இனி கேட்கப் போவதில்லை, நேராக வசூல் என்று அறிவித்தார். நேரத்தைப் பாருங்கள்: 1570 நவம்பரில்தான் கடல் பொங்கிக் கரையோர மாகாணங்களை மூழ்கடித்திருந்தது, இங்கிலாந்து வியாபாரம் நின்று கிடந்தது, வேலையில்லாதவர்கள் தெருவில் நின்றார்கள். சில இடங்களில் விகிதத்தைக் குறைத்தார், சில பொருளுக்கு விலக்குக் கொடுத்தார். ஆனால் நான் சொன்னால் சொன்னதுதான் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

1572 தொடக்கத்தில் பிரஸ்ஸல்சில் கடையடைப்பு. ரொட்டிக் கடைக்காரர் சுடவில்லை, பீர் காய்ச்சுகிறவர் காய்ச்சவில்லை, இறைச்சிக்கடை திறக்கவில்லை. வரி வாங்க விற்பனை நடந்தால்தானே? பூட்டிய கடைகளின் வாசலிலேயே சில வியாபாரிகளைத் தூக்கில் போட ஆல்பா ஏற்பாடு செய்தார் என்றும், அன்று இரவு வேறொரு சேதி வந்ததால் அது நின்றது என்றும் ஒரு கதை அங்கே உலவுகிறது. கதை எப்படியோ, அந்தச் சேதி மட்டும் நிஜம். ஏப்ரல் 1 அன்று, கடல் பிச்சைக்காரர்கள் என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்ட கலகக்காரர்கள் பிரில் என்ற சின்னத் துறைமுகத்தைப் பிடித்துவிட்டார்கள். எலிசபெத் ராணி தன் துறைமுகங்களிலிருந்து துரத்திவிட்டதால் போக்கிடம் தேடி வந்தவர்கள். அங்கே இருக்க வேண்டிய ஸ்பானியக் காவல் படையோ வேறு ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தது. பிரிலைத் தொடர்ந்து ஊர் ஊராகக் கதவைத் திறந்துவிட்டன. வரிக்குப் பயந்த வியாபாரிகள் கலகக்காரர்களை வரவேற்கவில்லை என்றாலும் தடுக்கவும் இல்லை. அந்தக் கோடையிலேயே பத்தில் ஒன்றை ஆல்பா கைவிட்டார். யாருக்கும் அது காதில் விழவில்லை.

அதன்பின் அவர் செய்தவற்றைக் கணக்கு, வரி என்று சொல்லி மழுப்ப முடியாது. மெக்கலன் நகரத்தைச் சொந்தப் படையே சூறையாடியது, சம்பளப் பாக்கிக்குப் பதிலாக. ஜுட்ஃபென் நகரிலும் அதே கதி. நார்டன் ஊரில் சரணடைந்தவர்களைக் கூட்டி வைத்துக் கொன்று ஊரைக் கொளுத்தினார்கள். படையை நடத்தியது அவருடைய மகன் ஃபதிரிக். ஹார்லெம் ஏழு மாதம் தாங்கிவிட்டு 1573 ஜூலையில் பசியால் பணிந்தது, காவல் படையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தபின் அல்க்மார் ஊர்க்காரர்கள் சரணடையவே இல்லை. கரைகளை வெட்டி வயலில் தண்ணீரை விட்டார்கள். அக்டோபரில் ஸ்பானியப் படை சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு திரும்பியது.

இதற்கிடையே ஆபீஸ் கூத்து ஒன்று. ஆல்பாவுக்குப் பதிலாக மன்னர் அனுப்பிய மெடினசெலி பிரபு 1572 ஜூனிலேயே வந்து சேர்ந்துவிட்டார். வந்தவருக்கு இவர் சார்ஜ் கொடுக்கவில்லை. போர் நடக்கும்போது எப்படி ஒப்படைப்பது என்பது இவர் வாதம். நீங்கள் இருப்பதால்தான் போர் நடக்கிறது என்பது அவர் வாதம். ஒரே நாற்காலிக்கு இரண்டு அதிகாரிகள், இருவரும் மாட்ரிட்டுக்குத் தனித்தனியே புகார்க் கடிதம். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தும் ரிலீவ் ஆகாமல் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த புது அதிகாரியை ஒருமுறை நான் பார்த்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுக்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் மெடினசெலி வெறுத்துப்போய்க் கிளம்பினார். மூன்றாவதாக வந்த ரெகெசென்ஸிடம் 1573 கடைசியில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஆல்பா ஊர் திரும்பினார். புதியவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஆண்ட்வெர்ப் சிலையை இறக்கியது.

ஊரில் மரியாதை போகவில்லை, செல்வாக்குப் போனது. 1578ல் மகன் ஃபதிரிக் மன்னர் அனுமதியில்லாமல் கல்யாணம் செய்துகொண்டான். அதற்கு உடந்தை என்று 1579ல் கிழவரை உசேதா என்ற ஊரில் காவலில் வைத்தார்கள். அங்கே இருந்தவரைத்தான் அடுத்த ஆண்டு கூப்பிட்டார்கள். போர்ச்சுகல் அரியணை காலி, பிலிப்புக்கு வாரிசு உரிமை, படை நடத்த ஆள் வேண்டும். வயது 72. எல்லையைக் கடந்து இரண்டே மாதத்தில், 1580 ஆகஸ்ட் 25ல் அல்கான்தரா சண்டையில் ஜெயித்து லிஸ்பனைப் பிடித்துக் கொடுத்தார். அந்த ஒரு சண்டையால் கோவாவும் நம் மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியர்களும் ஸ்பெயின் மன்னரின் குடையின் கீழ் வந்தார்கள். 1640 வரை அப்படித்தான். 1582 டிசம்பரில் போர்ச்சுகலிலேயே அவர் உயிர் போனது.

பாயிடம் இதெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அப்ப அந்த ஹாலந்துக்காரங்க சுதந்திரம் வாங்கின பிறகு வரி கட்டாமயே இருந்தாங்களா?"

அதுதான் இல்லை. ஆல்பாவை விரட்டிய அதே மாகாணங்கள் போருக்காகத் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி, அவர் கேட்டதைவிடக் கடுமை. பீருக்கு, அரைக்கிற மாவுக்கு, உப்புக்கு, சோப்புக்கு, எரிக்கிற கரிக்கு என்று கலால் வரி. அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே அதிக வரி கட்டிய ஜனங்கள் டச்சுக்காரர்கள்தான். புலம்பினார்கள், எப்போதாவது கலவரமும் பண்ணினார்கள், ஆனாலும் கட்டினார்கள். ஒன்று, வரியைப் போட்டது அவர்கள் ஊர்ச் சபை, அதன் கணக்கு அவர்கள் கையில். இன்னொன்று, தொழில்நுட்பம்: கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் கேட்காமல், சாப்பிடுகிற, எரிக்கிற கடைசி இடத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஏலம் எடுத்த குத்தகைக்காரர் மூலமாக வாங்கினார்கள்.

"குத்தகைக்காரன்னா அவன் தனியா தின்னிருப்பானே" என்றார் பாய்.

தின்றான். நன்றாகவே தின்றான். அவர்களுடைய வீடுகளை ஜனங்கள் அடித்து நொறுக்கிய 1748ஆம் ஆண்டுக் கலவரத்தை இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.